ராகு காலத்தில் வெள்ளைக் காய்

ஓ.எல். பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பள்ளிக்கூட நாட்களில் நான் வென்ற ஒரே ஆட்டம், வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் நடந்த செஸ் ஆட்டம்.

மாமாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஓப்பனிங். முதலில் சிப்பாய், பிறகு பிஷப், பிறகு ராணி, நாலாவது நகர்த்தலில் செக்மேட். அதைத்தான் எனக்கும் சொல்லித் தந்தார்.

"எதிராளி கண்டுபிடிச்சிட்டால்?"

"கண்டுபிடிக்க மாட்டான். நீ பயப்பிடாத."

நான் பயப்படாமல் எப்போது இருந்தேன்? போதாக்குறைக்கு, நான் கப்போடுதான் வருவேன் என்று எங்கள் ஃபிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை. போட்டிக்கு வந்தது நாலே பேர்; வென்றால் இறுதி ஆட்டம். எதிரே கொட்டாஞ்சேனைப் பொடியன், போன முறை கப் எடுத்தவன். வெள்ளைக் காய் எனக்கு. ஆளுக்கு அரை மணித்தியாலம். பத்தேகாலுக்கு மணிக்கூட்டை ஓடவிட்டார்கள்.

சிப்பாயிடம் கையைக் கொண்டுபோனேன். யன்னலுக்கு வெளியே நின்ற அம்மா 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். பத்தரை வரைக்கும் ராகு காலம். அதற்கு முன் காயில் கை வைக்கக் கூடாதென்று வீட்டிலேயே சொல்லியிருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, பிள்ளையின்ர நேரம் ஓடுது!" மாமாவின் குரல் உள்ளே கேட்டது.

"ராகு காலத்தில இன்டர்வியூக்குப் போய்த்தானே நீ இன்னும் வீட்டில இருக்கிறாய். பேசாமல் நில்."

மாமா 'நகர்த்து' என்று கை காட்டினார். அம்மா 'பொறு' என்று கை காட்டினார். நான் இருவரையும் பார்க்கப் பயந்து பலகையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பொடியன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், நகத்தைக் கடித்தான்.

பத்தரைக்கு அம்மா தலையசைத்தார். சிப்பாயை நகர்த்தினேன். பிறகு பிஷப், பிறகு ராணி. ஒவ்வொன்றுக்கும் பொடியன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். கடைசியில், இல்லாத ஏதோ பொறிக்குப் பயந்தவன் போலக் குதிரையை எடுத்து வைத்தான். என் ராணி போய் உட்கார்ந்தது. செக்மேட்.

வெளியே மாமா "என்ர ஓப்பனிங்!" என்று துள்ளினார். அம்மா பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்.

வாசலில் பொடியன் என்னை மறித்தான். "முதல் காய்க்கு அவ்வளவு நேரம் என்ன யோசிச்சனீர்?"

"ஒண்டும் யோசிக்கேல்லை. பத்தரை ஆகட்டும் எண்டு இருந்தனான்."

அவன் உதடு துடித்தது. "வெண்டால் நக்கலடிக்கலாமோ?" என்றுவிட்டு, அழுதுகொண்டே தன் தாயிடம் ஓடினான்.

கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன், இவன் ஏன் அழுகிறான் என்று வீடு வரும்வரை எனக்கு ஒரே கவலை.