சுவரைத் தாண்டிப் போன கயிறு

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி, நெல்லைப் பக்கத்திலிருந்து திருவொற்றியூருக்குக் குடிவந்த புதிது. கடலோரச் சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைதான் வீடு. கணவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை.

தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது மலேரியா வந்து என்னைப் புரட்டிப் போட்டுவிட்டது. இன்னொரு முறை வந்தால் குழந்தைக்கு ஆபத்து, கொசு கடிக்காமல் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சுகாதாரத் துறையினர் எங்கள் சந்தில் மருந்தில் நனைத்த கொசுவலைகளைக் கொடுத்தார்கள். நிழலில் உலர்த்தி, ஆசையாக வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

மூன்று மூலைகளை ஜன்னல், கதவு, பரண் என்று எதிலோ கட்டிவிட்டேன். நான்காவதற்கு வெறும் சுவர். அடித்த ஆணியெல்லாம் காரையோடு பெயர்ந்து விழுந்தது. ஆத்திரத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். உடனே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். அவருடைய சத்தமான பேச்சுக்கே எனக்குப் பயம்.

“இன்னாம்மா, உன் ஆணி என் வூட்டுல எட்டிப் பாக்குது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் வயிற்றைப் பார்த்தார், தொங்கிய வலையைப் பார்த்தார், தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில், சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக ஒரு நைலான் கயிறு இறங்கியது. வலையின் நான்காவது மூலையை அதில் கட்டச் சொன்னார். கட்டினேன். அந்தப் பக்கம் இழுத்ததும் வலை கூடாரம் போல நிமிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கயிறு இறுகும். கட்டியாயிற்று, போய்ப் படு என்று குரல் வரும். காலையில் தளரும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

காய்ச்சல் திரும்பி வரவில்லை. ராயபுரம் ஆஸ்பத்திரியில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஒரு சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு முதன்முறையாக அக்கா வீட்டுக்குள் போனேன். சுவரைத் தாண்டி வந்த கயிறு, அறையின் குறுக்கே சரிந்து, எதிர் ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. அவர் கணவர் சோற்றுப் பானையோடு அதன் அடியில் குனிந்து போனார். பிள்ளைகளும் பழக்கப்பட்டவர்கள் போலக் குனிந்தே வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன். அக்கா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

“இன்னாத்த சொல்றது? குனிஞ்சா வழி கீதே.”

அந்தச் சந்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றும் யாராவது என்னிடம் உதவி கேட்க வந்து, உங்களுக்குச் சிரமமாக இருக்குமோ என்று தயங்கினால், நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகத் தன் வீட்டுக்குள்ளேயே குனிந்து நடந்த அந்தக் குடும்பம் கண்முன் வந்து நிற்கிறது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.