அத்தையின் தோளுக்குப் பின்னால்

அத்தையைக் கடையில் எல்லோரும் சென்ட்டம்மா என்பார்கள். நாளெல்லாம் வாசனை விற்றே அவள் மூக்கு எப்போதோ செத்துப்போனது. வீட்டில் பால் தீய்ந்தால்கூட நாங்கள்தான் ஓடவேண்டும். ஆனால் விற்பனையில் அவளை அடிக்க ஆளில்லை. புதுப்புது சென்ட்டுகள் நடிகை படத்தோடு வரும், வந்த சுவடு தெரியாமல் போகும். ஒரு பழைய சதுர பாட்டிலை மட்டும் அம்மா, மகள், பேத்தி என்று வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

"காகிதத்துல அடிச்சு நீட்டுவேன்டி. மோந்து பாத்ததும் எல்லாரும் என் தோளுக்குப் பின்னாடிதான் பாக்குறாங்க. அப்புறம் வாயே திறக்காம வாங்கிட்டுப் போயிடுறாங்க. அந்த ஒரு சென்ட்டுக்கு மட்டும்தான் இப்படி. நான் தனியாத்தானே நிக்கிறேன்?"

"பின்னாடி கண்ணாடி இருக்கும், மூஞ்சியைப் பாத்துக்குவாங்க. இதுக்குப் போய்ப் பேய்க்கதை கட்டாதீங்க" என்று எரிந்து விழுவேன்.

அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, கூட்டிவர முதல்முறையாக அந்தக் கடைக்குப் போனேன். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. கண்ணாடி எதுவும் இல்லை. என் முழியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சதுர பாட்டிலை எடுத்துக் காகிதத்தில் அடித்து, விசிறி, என்னிடம் நீட்டினாள். மோந்தேன்.

"நீயும் அங்கயே பாக்குறியே, யாருடி?"

"யாருமில்ல அத்தை" என்றேன்.

அத்தையின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நின்றவள், உதட்டின்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.