சம்மட்டி அடிக்கு ஒரு சொல்

போன வாரம் ராபர்ட்சன்பேட்டையில் கரண்ட் போய்விட்டது. கடைக்காரன் இரண்டு மெழுகுவத்தியைப் பழைய காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பற்றவைத்தேன். வாசனையே இல்லை. இதுவும் ஒரு மெழுகுவத்தியா! எங்கள் காலத்து வத்தி மாட்டுக் கொழுப்பில் செய்தது, மூக்கைத் துளைக்கும். தொப்பியில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் வத்தியைக் குத்திக்கொண்டுதான் தங்கச் சுரங்கத்தில் இறங்குவோம்.

இறங்குமுன் ஸ்டோரில் ஆளுக்கு மூன்று வத்தி தருவார்கள். சுற்றித் தந்த காகிதம் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தின் தாள். எலி கடித்த புத்தகக் கட்டு ஒன்று அங்கே கிடந்ததாம். நான் படித்தது அதில்தான். பள்ளிக்கூடம் போனது இரண்டே மாதம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. சொல்ல எனக்கென்ன வெட்கம்? இன்று இந்தப் பேட்டையில் மாடி வீடு கட்டியிருப்பவன் நான். படித்தவர்கள் அதில் குடியிருக்கிறார்கள்.

என் ஜோடி சின்னப்பன். என்னைப் போலவே வேலூர்ப் பக்கத்துக்காரன், ஆனால் பாதிரியார் பள்ளியில் நாலு வகுப்பு பார்த்தவன். பாறையில் துளை போடும்போது அவன் உளியைப் பிடிப்பான், நான் சம்மட்டியால் அடிப்பேன். ஒவ்வோர் அடிக்கும் அவன் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கல்லில் மாட்டிக்கொள்ளும். அந்த அடியிலேதான் எங்கள் பாடம். தாளில் இருந்தபடி நான் சொல்ல வேண்டும், ஓர் அடிக்கு ‘கோ’, அடுத்ததற்கு ‘வென்ட்’, மூன்றாவதற்கு ‘கான்’. நான் சொல் தப்பினால் அவன் உளியைத் திருப்பமாட்டான்.

“இன்னாடா, உளி மாட்டிக்கினுச்சா?” என்பேன்.

“உளி எங்கடா மாட்டிக்கினுச்சு, உன் நாக்குதான் மாட்டிக்கினுச்சு. ‘டெல்’லுக்கு அப்புறம் இன்னா? சொல்லு, திருப்பறேன்.”

பக்கத்து ஜோடிக்கு ஒரே சிரிப்பு. “இன்னா நைனா, தொரைசானிகிட்ட பேசப் போறியா?”

“ஆமாண்டா. நீ வந்து கொடை புடி” என்பேன்.

வாயில் நிற்காத சொற்களை வத்திப் புகையால் பாறையிலேயே எழுதிவைப்போம். வத்தியைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து நகர்த்தினால் கரி எழுத்து விழும். என் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். இருந்தால் என்ன, எழுத்துதானே!

வெடி வைத்த இடத்தில் தொங்குகிற கல்லைக் கடப்பாறையால் தட்டி விழவைத்த பிறகே ஆளை உள்ளே விட வேண்டும். ஒரு நாள் எங்கள் மேஸ்திரிக்கு அவசரம். “தட்டினது போதும், போங்க போங்க” என்று துரத்தினார். சின்னப்பன் முன்னால் போனான். கல் அவன் வலது கையில் விழுந்தது. அந்தக் கை அதோடு சரி.

மூன்றாம் நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். நடந்ததைத் தாளில் எழுதியவர் ரைட்டர், மேஸ்திரிக்கு மச்சான். எதிரே சுரங்க வேலைக்கெல்லாம் அதிகாரியான கேப்டன் துரை உட்கார்ந்திருந்தார்.

“கல்லு வுயுந்துச்சு, கை போச்சுன்னு எழுதிக்கீது. கைநாட்டு வை” என்று ரைட்டர் என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

நான் தாளைப் பார்த்தேன். முழுதும் புரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் சின்னப்பன் பெயர் தெரிந்தது. பக்கத்தில் ‘டோல்ட்’. அப்புறம் ‘நாட்’. அப்புறம் ‘வென்ட்’. எத்தனை ஆயிரம் தடவை சம்மட்டியால் அடித்த சொற்கள்! போகாதே என்று சொல்லியும் அவனாகப் போனான் என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு அவன்மேல் என்றால் வேலை போகும், கம்பெனி கொடுத்த லைன் வீடு போகும். கைப்பிள்ளைக்காரிப் பெண்டாட்டியோடு, ஒரு கையோடு, அவன் ஊருக்கு நடக்க வேண்டியதுதான்.

கையை உதறிக்கொண்டேன். “நாட்டு வைக்கமாட்டேன்.”

“இன்னாடா, கூலிக்காரனுக்கு இம்மாந் திமிரா?”

“படிச்சிட்டேங்க. அதான்.”

துரை நிமிர்ந்தார். நான் அவரிடமே பேசினேன். மூன்று மூன்றாக அடித்துப் படித்த இலக்கணம் முழுவதும் அந்த நேரம் ஓடிப்போய்விட்டது, போங்கள். “நோபடி டெல். மேஸ்திரி சென்ட். வி கோ” என்றேன். ரைட்டர் வாயைப் பொத்திச் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. என்னை மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன். தாளை இரண்டாகக் கிழித்து, வேறு எழுதச் சொன்னார். அதன் அடியில் மைப் பெருவிரலாலேயே பேனாவைப் பிடித்து என் பெயரை எழுதினேன்.

சின்னப்பனுக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. இடது கையால் வத்தி சுற்றிக் கொடுத்தான். எனக்கு மட்டும் நல்ல தாளாகப் பொறுக்கி வைப்பான். மேஸ்திரி என்னை ஆறு மாதம் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போட்டார். போடட்டுமே! நனைந்துகொண்டே நான் அடுத்த பாடம் படித்தேன். பின்னால் அந்த மேஸ்திரி வேலையையே வாங்கினேன்.

இப்போது துளை போட மிஷின் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் ஒருவன் சொல்வது ஒருவனுக்குக் கேட்காது. கொழுப்பு வத்தி போயிற்று, தாள்கள் போயின, சின்னப்பனும் போய்விட்டான். நாங்கள் வேலை செய்த இடத்தைக் கழிவுக் கல்லால் அடைத்துவிட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால், பாறையில், என் நண்டு எழுத்து அப்படியே இருக்கிறது. எந்த ரைட்டராலும் இறங்கிப்போய் அதை அழிக்க முடியாது.