இலவசத்தின் இருபத்தாறாம் நாள்

இசோபே தமாயோ எதையும் ஒரு முறை படித்துவிட்டு நம்புகிறவள் அல்ல. குராயோஷி ஊரில், இனோகுச்சி அச்சகத்தில், கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் நோட்டீஸ் வடிவமைப்பது அவள் வேலை. வயது ஐம்பத்திரண்டு.

முன்பு ஒசாகாவில் இருந்தபோது, ஒரு பல் மருத்துவமனை விளம்பரத்துக்கு இணையத்தில் கிடைத்த படத்தைப் போடச் சொன்னார் மேலாளர். போட்டாள். ஏழு மாதம் கழித்து வழக்கறிஞர் கடிதம் வந்தது. மூன்று லட்சம் யென் நஷ்டஈடு கேட்டிருந்தார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். கூட்டத்தில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். அன்றிலிருந்து 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டாலே, கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் முதலாளி இனோகுச்சி அவள் மேசைக்கு வந்தார். அவளைவிட இளையவர்; பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார். அப்பாவிடமிருந்து அச்சகம் கைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

"தமாயோ சான், இணையத்துல போட்டோ குடுக்கிற ஒரு கம்பெனியில சேர்ந்துட்டேன். ஒரு மாசம் ட்ரையல். பத்துப் படம் சும்மா எடுத்துக்கலாம்."

"சும்மான்னா கார்டு நம்பர் எதுக்குக் கேட்டாங்க?"

"கேட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேக்காம விடுவாங்களா?"

அவர் சிரித்தார். ஹமானே என்ற விவசாயியின் பழத்தோட்டத்துக்காக ஒரு பேரிக்காய்ப் படத்தை இறக்கியும் வைத்திருந்தார். அதை நோட்டீஸில் போட வேண்டும். அதோடு, தோட்டத்துக் கடையில் விற்பதற்காக நானூறு கைத்துண்டுகளிலும் அச்சடிக்க வேண்டும்.

மதிய வேளையில் சோற்று உருண்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் விதிமுறைகளை முழுக்கப் படித்தாள். முப்பது நாளுக்குள் விலகாவிட்டால், அது தானாகவே ஒரு வருட ஒப்பந்தமாகிவிடும். மாதம் நாலாயிரம் யென். நடுவில் விலகினால், மீதி மாதங்களுக்கு உரியதில் பாதியைக் கட்ட வேண்டும். நோட்டீஸுக்குச் சாதாரண உரிமம் போதும். விற்கிற பொருளில் அச்சடித்தால், படம் ஒன்றுக்கு ஒன்பதாயிரம் யென்னில் தனி உரிமம் வாங்க வேண்டும். ஒன்று மட்டும் எங்குமே தெளிவாக இல்லை. விலகிய பிறகு, ஏற்கெனவே எடுத்த படம் என்ன ஆகும்?

பள்ளம் இங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள்.

"ட்ரையல்ல எடுத்த படத்தை, விலகின பிறகும் நோட்டீஸ்ல போடலாங்க. கைத்துண்டுக்கு மட்டும் தனி லைசென்ஸ் வாங்கணும்."

"நாளைக்கு வேற ஆள் வேற மாதிரி சொன்னா?"

"சொல்ல மாட்டாங்கம்மா."

"எழுத்துல குடுங்க. உங்க பேரும் அதுல இருக்கணும்."

பத்தே நிமிடத்தில் மின்னஞ்சல் வந்துவிட்டது, பெயரோடு. இவ்வளவு சீக்கிரம் ஏன் அனுப்புகிறார்கள் என்று அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று முறை படித்தும் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு முதலாளியிடம் போனாள்.

"கைத்துண்டு ஆர்டர் போயிடுச்சா?"

"சாயங்காலம் போகுது. ஏன், அதே படந்தானே?"

"படம் ஒண்ணுதான். காகிதத்துக்கு ஒரு லைசென்ஸ், துணிக்கு ஒன்பதாயிரம் யென்னுக்கு வேற லைசென்ஸ். நாளைக்குக் கடுதாசி வந்தா, நீங்களும் நான் சொல்லவே இல்லைன்னு சொல்லுவீங்களா?"

முதலாளிக்கு எதுவும் புரியவில்லை. ஒசாகாவில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லாதவள் அன்று சொன்னாள். அவர் உடனே துணி அச்சிடும் இடத்துக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தினார்.

"ஒன்பதாயிரம்தானே, வாங்கிடலாம்" என்றார். அதற்கு முன் ஹமானேயிடம் படத்தைக் காட்டிவிடலாம் என்றாள் தமாயோ. வரவழைத்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார் விவசாயி.

"இது எந்த ஊர்க் காய்? எங்களுது இளம்பச்சை. இதை ஒட்டினா வாங்க வர்றவன் என்னைத்தான் திட்டுவான்."

மறுநாள் காலை, அச்சகத்துக் கேமராவோடு தோட்டத்துக்குப் போனாள். பூச்சி அண்டாமல் இருக்க மரத்திலேயே காயைச் சுற்றிக் கட்டியிருந்த காகிதப் பையை ஹமானே ஒவ்வொன்றாகக் கிழித்துக் காட்ட, அறுபது படம் எடுத்தாள். அவற்றில் ஒன்று தேறியது.

அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன், முதலாளி ஒரு தாளை நீட்டினார். படம் தமாயோவுடையது, ஹமானேயின் நோட்டீஸுக்கும் கைத்துண்டுக்கும் மட்டும், எது வந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையையும் பதித்திருந்தார். கேட்டு வாங்கியதல்ல. அவராகவே எழுதியது.

நிதானமாகப் படித்தாள்.

"தேதி போடலையே."

அவர் பேனாவை எடுத்துத் தேதி எழுதினார்.

ட்ரையலின் இருபத்தாறாம் நாள் இருவரும் கணினி முன் உட்கார்ந்து விலகினார்கள். 'உண்மையிலேயே விலகுகிறீர்களா' என்று நான்கு திரைகள் கேட்டன. நான்கிலும் அவள்தான் அழுத்தினாள். கடைசித் திரையை அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள்.

அடுத்த மாதம் கார்டு கணக்கிலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு யென்கூடப் போகவில்லை.

"பாத்தீங்களா, ஒழுங்கான கம்பெனிதான்" என்றார் முதலாளி.

"அடுத்த மாசமும் பாக்கலாம்" என்றாள் தமாயோ.