சோதனை ஒலிபரப்பு

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. வளைந்த மரக் கைப்பிடி வைத்த, ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. ஒரு கம்பி என்றோ ஒடிந்து, மெல்லிய கம்பிச் சுற்றால் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் லிவர்மோரில் மழைக்கு எப்போதும் பஞ்சம். பெய்தாலும் இந்த ஊர்க்காரர்கள் குடை பிடிப்பதில்லை, கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு காருக்கு ஓடுவார்கள். ஆகையால் காலை நடைக்கு நான் இந்தக் குடையோடு கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், "மாம், இட்ஸ் நாட் ஈவன் ரெய்னிங்" என்றாள். வெயிலுக்கு என்றேன். அது பாதி உண்மை. இது காரைக்கால் ஆன்ட்டியின் குடை. அதற்கும் முன்னால் காரைக்கால் அங்கிளின் குடை.

அங்கிளை நான் முதலில் பார்த்தது இந்த ஊர்க் கோயிலின் சாப்பாட்டுக் கூடத்தில். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து, கோட்டும் டையுமாக நேரே கோயிலுக்கு வந்துவிடுவார். சாமியைத் தொந்தரவு பண்ணுவதில்லை. புளியோதரை வாங்கிக்கொண்டு, நாலு பேர் தமிழ் பேசுகிற மேசையாகப் பார்த்து உட்காருவார். அன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு, "கோயமுத்தூரா? நீங்க 'ங்க' போடற போட்டுல இட்லி தானா மெத்துன்னு ஆயிடும்மா" என்றார். அன்றைக்கே பழகிவிட்டோம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்களாம். அந்த வழியில் இவரும் இளம் வயதிலேயே பிரான்சுக்குப் போய், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு இங்கே வேலை என்பதால் இருவரும் கடைசிக் காலத்தில் லிவர்மோர் வந்து சேர்ந்திருந்தார்கள். இது தொண்ணூறுகளின் இறுதியில்.

நான் அப்போது செல்போன் கோபுரங்களுக்கு இடம் பார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். எந்தக் குன்று எந்தத் தெருவுக்கு அலையை மறைக்கிறது என்று கருவியோடு காரில் சுற்றிச் சுற்றி அளந்து வரைபடம் போடுவது என் வேலை. ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் வாங்குபவள் என்று என் கணவர் கேலி செய்வார். இதைச் சொன்னதும் அங்கிளின் முகம் மாறிவிட்டது. புளியோதரையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். பிரான்சில் நெடுங்காலம் அரசாங்க வானொலிதான் பேசலாம் என்றிருந்து, பிறகு சின்னச் சின்ன உள்ளூர் நிலையங்களுக்கும் அனுமதி தர ஆரம்பித்தார்களாம். மலை ஊர்களில் அது பெரிய கூத்து. ஒரு பள்ளத்தாக்கில் பேசுவது அடுத்த பள்ளத்தாக்கில் கேட்காது, ஆகையால் ஆளுக்கொரு நிலையம் கேட்டார்கள். இரண்டு பள்ளத்தாக்கும் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொள்ளும். அவர் ஊரின் விண்ணப்பம் அவர் மேசையிலிருந்துதான் கிளம்பிப் போயிற்று. அனுமதியும் கிடைத்தது. அதைச் சொல்லும்போது பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்த தகப்பன் மாதிரி இருந்தார்.

அந்த நிலையத்தை அவரைவிட அதிகம் கேட்டவர் ஆன்ட்டி. எந்தச் சாலையில் பனி மூடியிருக்கிறது, யார் வீட்டு நாய் காணவில்லை, இன்று யாருக்குக் கல்யாணம், யார் இறந்து எந்தச் சர்ச்சில் அடக்கம் என்று நாள் முழுவதும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். காரைக்காலில் பிறந்த பெண், முன்பின் பார்த்திராத மலைக்காரர்களின் சாவுச் செய்தியைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டே மீன் குழம்பு வைத்திருக்கிறார். லிவர்மோர் வீட்டில் மகனும் மருமகளும் காலையில் மலை தாண்டி வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் ஒட்டவில்லை. டி.வி.யைப் போட்டால் தலைவலி. அங்கிள் என்னிடம் சொன்னது எனக்கு இன்னமும் அப்படியே காதில் இருக்கிறது. "அவளுக்கு அடுப்படில ஒரு பேச்சுச் சத்தம் வேணும்மா. நான் எவ்வளவுதான் பேசறது? என் கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்."

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலும் சின்ன உள்ளூர் நிலையங்களுக்கு அனுமதி தரப்போவதாகச் செய்தி வந்தது. லாப நோக்கில்லாத சங்கங்கள் கேட்கலாம், குறைந்த சக்திதான், ஊர் எல்லையைத் தாண்டாது. அங்கிள் சும்மா இருப்பாரா? ஊரில் பிரெஞ்சு பேசுகிறவர்களைத் தேடிப் பிடித்தார். பாட்டியின் பிரெஞ்சைப் பாதி மறந்துபோன ஒரு திராட்சைத் தோட்டக்காரர், ஹெய்ட்டியிலிருந்து வந்த ஒரு நர்ஸ், ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், சைகோனில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒரு வியட்நாமியப் பெரியவர். இவர்களைக் கூட்டி ஒரு சங்கம் பதிவு செய்தாயிற்று. ஆன்டெனா வைக்கத் தோட்டக்காரர் தன் குன்றைத் தந்தார். எந்திரக் கணக்குகளுக்கு நான். எனக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. மலைக்கு மொழி எதுவானால் என்ன என்று சேர்ந்துவிட்டேன்.

கணக்குப் போட்டு வரைபடம் எடுத்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டக்காரரின் குன்றிலிருந்து ஊர் முழுக்க நன்றாகக் கேட்கும். ஆனால் ஊருக்குத் தெற்கே, குன்றுகள் தொடங்குகிற மடிப்பில் இருக்கும் சில தெருக்களை நடுவிலுள்ள ஒரு மேடு மறைத்தது. அங்கிளின் வீடு அந்த மறைவுக்குள் இருந்தது. யாருக்காக இத்தனை பாடோ அவருடைய அடுப்படியில் மட்டும் கேட்காது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேறொரு குன்றில் வைத்தால் வீட்டுக்குக் கேட்கும், ஊரில் பாதிக்குக் கேட்காது என்பதையும் சொன்னேன். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "அனுமதி ஊருக்குத்தாம்மா கேக்கறோம். என் வூட்டு அடுப்படிக்கு இல்ல" என்றார். ஆன்ட்டியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நகராட்சியில் வேலை பார்த்தவர்களிடம் இதுதான் தொல்லை. சொந்த வீட்டுக்குக்கூட சிபாரிசு செய்யத் தெரியாது.

சில நாட்கள் சோதனை ஒலிபரப்பு செய்ய மட்டும் தற்காலிக அனுமதி வந்தது. நிபந்தனை கறாரானது. நிகழ்ச்சி எதுவும் கூடாது. பாட்டு கூடாது, பேச்சு கூடாது. ஒரே சுரத்தில் ஒரு ஊதல் ஒலி, நடுநடுவே எங்களுக்குத் தந்த அடையாள எழுத்துகள், ஊரின் பெயர், அவ்வளவுதான். அங்கிள் குன்றின் மேல், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். ஊதல் ஓடும். நிறுத்துவார். எழுத்துகளைச் சொல்வார். பிறகு "லிவெர்மோர்" என்பார். கடைசி எழுத்தைத் தொண்டையில் லேசாக உருட்டி அவர் சொல்லும்போது, மாடும் வைக்கோலுமாக இருந்த எங்கள் ஊர், மணிக்கூண்டும் பனியும் உள்ள எங்கோ ஓர் ஊர்போல் ஆகிவிடும். நான் கருவியோடு காரில் தெருத் தெருவாகச் சுற்றினேன். மேடு குறுக்கே வந்தால் குரல் இரைச்சலில் மூழ்கும், தாண்டினால் மேலே வரும். வேலை என்று போனவள், அந்தக் குரல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஆன்ட்டி ஏமாளி இல்லை. முதல் நாள் காலையிலேயே அடுப்படி டிரான்சிஸ்டரைத் திருகிப் பார்த்து, இரைச்சல் மட்டும் வர, விஷயத்தைப் புரிந்துகொண்டார். புலம்பவில்லை. டிரான்சிஸ்டரை ஒரு கையிலும் அங்கிளின் குடையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு தெருவோடு ஏறி நடந்தார். மேடு முடிந்து சாலை திரும்புகிற வளைவில் குன்று பளிச்சென்று தெரியும். அங்கே நின்றார். நான் அளந்துகொண்டே வந்தபோது, காய்ந்த புல் சரிவின் ஓரத்தில், சேலையும் ஸ்வெட்டரும் கான்வாஸ் ஷூவுமாக ஒரு கறுப்புக் குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தார். காருக்குள் வந்து உட்காரச் சொன்னேன். "வேணாம் புள்ள, இங்கதான் வுடாம கேக்குது" என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். கணவர் நாலு எழுத்தையும் ஊர்ப் பெயரையும் சொல்வதைக் கேட்க ஒரு மனுஷி அப்படி நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கடைசி நாள் நல்ல வெக்கை. நான் காரை வளைவிலேயே நிறுத்தி அளந்துகொண்டிருந்தேன். குன்றின் மேலிருந்து பார்த்தால் வளைவும் அதில் கறுப்பாக ஒரு புள்ளியும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஊதல் நின்றது. எழுத்துகளைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அடுத்து ஊதல் வர வேண்டும், வரவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, சுத்தமான காரைக்கால் தமிழில், காரிலும் டிரான்சிஸ்டரிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"வெயில்ல நிக்காத. வூட்டுக்குப் போ. நான் வந்துர்றேன்."

உடனே ஊதல் தொடங்கிவிட்டது. நிபந்தனை மீறல், அதுவும் அங்கிளிடமிருந்து. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? அறுபதைத் தாண்டிய முகம், பெண் பார்க்க வந்த நாளின் முகமாக இருந்தது. "கேட்டியா, ரேடியோவுல வச்சு என்னைத் திட்டறாங்க" என்றார். போகவுமில்லை. இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று சோதனை முடிகிறவரை நின்றார். அங்கிள் அதற்குப் பிறகு எழுத்துகளையும் ஊரையும் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்த பெரிய நிலையம் ஒன்று எங்களை முதலிலிருந்தே எதிர்த்து வந்தது. அலைவரிசை பக்கத்தில் வருகிறது, தங்களுக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் வாதம். சோதனையை ஆள் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். புரியாத ஒரு மொழியில் ஏதோ நிகழ்ச்சி ஒலிபரப்பினார்கள் என்று வாஷிங்டனுக்குப் புகார் போயிற்று. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், அவ்வளவுதான் என்று எழுதிவிடலாம் என்றார் தோட்டக்காரர். அங்கிள் ஒப்பவில்லை. ஃபைலில் பொய் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன் என்றார். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்துக் கொடு என்று என்னைக் கேட்டார். வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போகவும், நான் வந்துவிடுவேன் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்த அதிகாரி யாரோ, என்ன நினைத்தாரோ. இனிமேல் கவனமாக இருங்கள் என்று இரண்டு வரியோடு விட்டுவிட்டார்.

அனுமதி கிடைக்கவில்லை. காரணம் அந்தப் பேச்சு இல்லை. சின்ன நிலையங்கள் பெரிய நிலையங்களிடமிருந்து இன்னும் விலகி நிற்க வேண்டும் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். எங்கள் விண்ணப்பத்தோடு இன்னும் எத்தனையோ ஊர்களின் விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. குன்றிலிருந்து ஆன்டெனாவை இறக்கிய அன்று அங்கிள் என்னைத் தனியாகக் கேட்டார், அதனாலதானா என்று. இல்லைங்க அங்கிள், சத்தியமா இல்லை என்றேன். "அதனாலன்னாலும் பரவால்லம்மா" என்றார். ஒரு பிரெஞ்சு வானொலி நிலையம் பிறந்து, மூடப்படும்வரை ஒலிபரப்பிய ஒரே நிகழ்ச்சி அந்தத் தமிழ்ப் பேச்சுதான். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் அங்கிள் போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. ஆன்ட்டி அந்த மலை ஊரிலேயே இருந்த மகளிடம் போவதென்று முடிவாயிற்று. மகனிடம் சொல்லிவிட்டு, விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். வளைவில் நிறுத்தச் சொன்னார். மூடுபனி, குன்றே தெரியவில்லை. இருந்தும் குடையை விரித்துக்கொண்டு நின்றார். டிரான்சிஸ்டர் இல்லை. நான் காரிலேயே உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்து குடையை மடக்கிப் பின்சீட்டில் வைத்தார். "நீ வச்சுக்க. அங்க பனிதானே" என்றார். பிறகு, "போவலாம். வூட்டுக்குப் போன்னுதானே சொன்னாங்க" என்றார்.

கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு வருஷம் அந்த எண் வேலை செய்யவில்லை. மகனும் கிழக்குப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தேடினால் கிடைக்காமல் போகாது. ஆனால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் தேடவில்லை. இப்போது உலகத்தில் உள்ள வானொலியெல்லாம் கைபேசியில் கேட்கிறது, எந்த மேடும் மறைப்பதில்லை. அங்கிள் அனுமதி வாங்கித் தந்த அந்த மலை ஊர் நிலையமும் வருகிறது. அங்கே மாலையில் சாவுச் செய்தி வாசிக்கும் நேரம் இங்கே எனக்குக் காலை. குடையை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடக்கிறேன். குன்றில் இப்போது வீடுகள் வந்துவிட்டன, தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது. ஒரு பெண் குரல் நிதானமாகப் பெயர்களை வாசிக்கிறது. எனக்கு இன்றைக்கும் பிரெஞ்சு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அத்தனை மலைக்காரர் பெயர்களுக்கு நடுவே காரைக்கால் பெயர் ஒன்று வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

வாசித்து முடிந்து பாட்டுப் போட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்குத் திரும்பினேன்.