பின்வாசலில் கட்டிய வேப்பந்தழை

ரங்கூனை விட்டு விருத்தாசலத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் தெருவில் எனக்குப் பெயர் பர்மாக்காரிதான். பேசுவது தமிழ், தின்பது சோறு, அப்புறம் என்னடி பர்மா என்று சண்டைக்குப் போகத் தோன்றும். போனதில்லை. கப்பலில் வந்து இறங்கிய என் வீட்டுக்காரருக்குப் பீங்கான் சூளையில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் இந்த ஊரில் பிறந்தவன் தவழ்ந்துகொண்டிருந்த என் மகன் ஒருவன்தான். தடுப்புக்காக அம்மை குத்துகிறவர் வந்த அன்று அவனுக்குக் காய்ச்சல். அடுத்த தடவை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அந்தக் கோடையில் ஊரின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதன் முனையில் பொதுக்கிணறு. பெண்கள் பேச்செல்லாம் அங்கேதான். அம்மி ஓசை நின்றது. தாளிக்கும் வாசனை நின்றது. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். பெரியம்மை பரவுகிறது என்று வீட்டுக்காரர் வேலையிடத்தில் கேட்டு வந்து சொன்னார். சந்தில் எவளும் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை.

சில வீடுகளின் பின்வாசலில் வேப்பந்தழை தொங்கியது. ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டு பர்மியர்கள் கெட்டது அண்டாமலிருக்க வாசலில் பச்சைத்தழை செருகுவார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்து ஒரு கொத்து ஒடித்து வந்து நானும் கட்டினேன். காற்றுக்கு விழுந்துவிடக் கூடாதென்று இறுக்கியே கட்டினேன்.

மறுநாள் பால்காரம்மா வரவில்லை. கிணற்றடிக்குப் போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றி விலகிப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! பிழைக்க வந்த குடும்பம் என்று ஒதுக்குகிறீர்களா, போங்கடி என்று தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் சேந்தினேன். வீட்டுக்குள் வந்துதான் அழுதேன்.

பிறகு வேறொன்று தொடங்கியது. கதவைத் திறந்தால் படியில் ஒரு சட்டி கூழ் இருக்கும், வைத்த ஆள் இருக்காது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கும். ஒரு மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. "தாயே, குளுந்து போ. இந்தப் புள்ளைய வுட்டுடு." ஓடிப்போய்த் திறந்தேன். சந்தில் ஈ, காக்கை இல்லை. யா அல்லாஹ், யாரிடம் கேட்கிறார்கள், எந்தப் பிள்ளையை விடச் சொல்கிறார்கள்? அன்று முழுக்க மகனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

கடைசியில் ஒருத்தி உள்ளேயே வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அவள் வீட்டுப் பின்வாசலிலும் தழை தொங்கியது.

"மத்தவங்க ஒதுங்கத்தான் செய்வாங்க தங்கச்சி. நான் வரலாம். எனக்கும் ஒனக்கும் ஒரே நெலமதானே" என்று என் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் காலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. முந்தானையிலிருந்து ஒரு பீங்கான் பொம்மையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சூளையில் கழித்துப் போட்டது, கண் எழுதாத வெள்ளை முகம்.

"எம் பொண்ணு கட்டிக்கினே படுத்திருந்தது. இப்ப அதப் புடிக்கக்கூடத் தெம்பில்ல அவளுக்கு. இவன் வெச்சிக்கட்டும்."

அவன் பொம்மையின் தலையை வாயில் வைத்துச் சப்பினான்.

"முத்து எங்கெங்க எறங்கியிருக்குது?" என்று அவன் சட்டையைத் தூக்கினாள். அம்மைக் கொப்புளத்தைக் கேட்கிறாள் என்று எனக்குச் சட்டெனப் புரியவில்லை. வயிற்றைப் பார்த்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"இல்லாத வூட்ல ஏன்டி தழை கட்டுனே?"

"வராம இருக்கத்தானேக்கா கட்டுறது?"

"அடிப்பாவி, வந்த வூட்லதான்டி கட்டுவாங்க!"

பொம்மையைப் பிடுங்கினாள். மகன் வீரிட்டான். அவள் சந்துப்பக்கம் போகாமல், என் முன்வாசலைத் திறந்துகொண்டு பெரிய தெருவுக்கு ஓடினாள்.

முன்வாசலில் யாரும் தழை கட்டாததற்குக் காரணம் இருந்தது. அம்மை குத்துகிறவர்கள் பார்த்துவிட்டால் படுத்திருப்பவரை ஆற்றுக்கு அக்கரைக் கொட்டகையில் தனியாக வைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் எல்லாம் பின்வாசலோடு. அப்படி ஒளித்து வைத்திருந்தவள், அம்மை குத்துகிறவரையே கையோடு கூட்டிவந்தாள்.

அவர் என் மகனின் முன்கையில் குத்தினார். "நல்லவேளை, ஒடனே கூப்டீங்க. யார் வூட்லேர்ந்து ஒட்டியிருக்கும்?" என்றார்.

அவள் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், நானும் ஆமாம் போட்டிருப்பேன்.

"எங்க வூட்லதாங்க" என்றாள். "எம் பொண்ணு. வாங்க, காட்டுறேன்."

சாயங்காலம் வண்டி வந்தது. பெண்ணைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனார்கள், அவளும் கூடவே ஏறினாள். சில நாள் கழித்து அவள் மட்டும் நடந்து திரும்பி வந்தாள். நான் எதிரே போய் நிற்கவே பயந்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

என் மகனுக்கு எதுவும் வரவில்லை. குத்திய இடம் பழுத்து, பொருக்கு உதிர்ந்து, காசளவு தழும்பாக நின்றது. அதற்கப்புறம் கிணற்றடியில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அவன் கையைப் பிடித்து, அந்தத் தழும்பைப் பெருவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"அவங்க ஏம்மா எப்பப் பாத்தாலும் என் கையப் புடிக்கிறாங்க?" என்பான், கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு.

"புடிச்சா புடிச்சிட்டுப் போறாங்க, நீட்டுடா" என்பேன்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் முழுக்கைச் சட்டை கேட்டு அழுவான். நான் எடுத்துக் கொடுத்ததே இல்லை.