சிமெண்ட் மேடையும் தெய்வசிகாமணியும்

மடுகரைத் தெய்வசிகாமணிக்கு ஒன்பது வயதில் விஷக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது காதுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. தன் குரல் தனக்கே கேட்காததால், வீட்டுக்குள் பேசினாலும் வயல் கடைசிக்குக் கேட்கும்படிதான் பேசுவார். கொஞ்சம் கரும்பு, ஒரு ஜோடி மாடு, மனைவி வள்ளிநாயகி. அவ்வளவுதான் குடும்பம்.

அப்படிப்பட்டவருக்கும் ஆண்டில் ஐந்து நாட்கள் சங்கீதம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் தினமும் மாலை நாதஸ்வரக் கச்சேரி. பலகை அடித்துக் கட்டிய மேடை. தெய்வசிகாமணி அதன் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பலகை விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். தவிலின் ஒவ்வொரு அடியும் கை வழியாக ஏறி நெஞ்சில் இறங்கும். தலை சரியான இடத்தில் ஆடும். முதலில் சிரித்த ஊர் பிறகு பழகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் மேடை சிமெண்ட் ஆனது. வில்லியனூரில் இரும்புக்கடை வைத்திருந்த கனகராஜ், பிறந்த ஊருக்குச் செய்த உபயம். மூன்று பக்கம் சுவர். திறந்த முன்பக்கத்தில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல்.

முதல் நாள் கச்சேரியில் தெய்வசிகாமணி மேடையில் கை வைத்தார். எடுத்தார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கன்னத்தை ஒட்டிப் பார்த்தார். சிமெண்ட் குளிர்ந்து கிடந்தது.

கனகராஜ் கல்நெஞ்சர் அல்ல. தாமே வந்து கையைப் பிடித்து, முன்வரிசையில் தம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஊரே அவர் மனசைப் புகழ்ந்தது. தெய்வசிகாமணி ஒரு மணி நேரம் வாசிப்பவர்களின் விரல்கள் ஆடுவதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"நாளையிலேந்து போவல புள்ள. கண்ணாடிக்கு அந்தாண்ட நடக்கற மாதிரி இருக்குது."

அவர் சோற்றைத் தொடவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷன் அழுது வள்ளிநாயகி பார்த்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் மாட்டுக்கொட்டகைப் பலகையைக் கழற்றிக் கழுவி, தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கனகராஜ் தவில்காரர் நாகராஜனுடன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?"

"தவில்காரரு இது மேல குந்தட்டும் அண்ணே. ஒரு முனை வெளிய நீட்டினு இருந்தா போதும், அவரு கை வச்சிக்குவாரு."

"புது மேடையில மாட்டுக்கொட்டா பலகையா? முன்னால சேர் போட்டு குந்த வச்சேன். அதுக்கு மேல இன்னா செய்யச் சொல்ற?"

"சேரு கண்ணுக்குத்தான் ஒதவும். கண்ணு அவருக்கு நல்லாத்தான் இருக்குது."

"சாணி நாத்தம் அடிக்கும்மா."

"மூணு வாட்டி கழுவியாச்சி. ஒங்களாண்ட வேற பலகை இருந்தா குடுங்க, இத தூக்கினு போயிடறேன்."

கனகராஜ் சலவைக்கல்லைப் பார்த்தார். "அவரு அங்க குந்தினா பேரு மறையுமே," என்றார், குரல் இறங்கி.

வள்ளிநாயகி பலகையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

நாகராஜன்தான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நேத்து சிமெண்ட்ல குந்தி எனக்கு இடுப்பே வுட்டுப்போச்சி மொதலாளி. எனக்கும் பலகைதான் தேவலாம்."

கனகராஜ் மீதிக் காபியைக் குடித்து முடித்தார். "கல்ல காலையில வர்றவங்க பாத்துக்கட்டும்," என்றார். "செங்கல் வச்சி ஆடாம போடுங்க."

மாலையில் தெய்வசிகாமணியை வள்ளிநாயகி இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். அவர் கல்லை மறைத்து உட்கார்ந்து, நீட்டியிருந்த முனையில் கை வைத்தார். முதல் அடி விழுந்ததும் கண்களை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கமிருந்து பார்த்த வள்ளிநாயகி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கால் மணி நேரம் போனது. தெய்வசிகாமணி கண் திறந்து அவளைத் தேடினார். தமக்கு வழக்கமான குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னிக்கி ஆளு ஓடறாரு புள்ள."

கூட்டம் திரும்பியது. நாகராஜனுக்கு முகம் சிவந்தது, பிறகு சிரித்தார். மூச்சை இழுத்துவிட்டு, வேகமெடுத்திருந்த தவில் நடையை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப சரி," என்றார் தெய்வசிகாமணி.